எட்டில் ஒன்றுதான் எழுகிறதா? லினக்ஸ் கர்னலில் பல்செயலிக் கோளாறுகளைக் கண்டறியும் வழி

கணினியின் பெட்டியில் எட்டு செயலிகள் என்று அச்சிட்டிருக்கும். லினக்ஸை நிறுவிவிட்டுப் பார்த்தால் ஒன்றுதான் வேலை செய்யும். இன்னொருவருக்கு எட்டும் ஒழுங்காக எழுந்துவிடும்; ஆனால் பெரிய நிரல் ஒன்றைத் தொகுக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் திரை உறைந்துபோய், விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் பதில் வராது. இரண்டையும் ‘பல்செயலி ஆதரவில் கோளாறு’ என்று ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம். முதலாவது எண்ணிக்கையில் வரும் கோளாறு, இரண்டாவது செயலிகளின் ஒத்திசைவில் வரும் கோளாறு. காரணமும் வேறு, தேடும் முறையும் வேறு. உங்களுடையது எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரை இன்டெல், ஏஎம்டி செயலிகள் கொண்ட கணினிகளில் ஓடும் லினக்ஸை மையமாகக் கொண்டது. ராஸ்பெர்ரி பை போன்ற ஆர்ம் பலகைகளைப் பற்றி நடுவில் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டளைகளையும், லினக்ஸின் மையநிரலான கர்னல் தரும் செய்திகளையும் ஒலிக்கும் விதத்திலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். கர்னல் செயலிகளை 0 என்ற எண்ணிலிருந்து எண்ணும் என்பதால், எட்டு செயலிகள் என்றால் 0 முதல் 7 வரை என்று பொருள்.

எதையும் மாற்றுவதற்கு முன்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, எங்கோ படித்த துவக்க அளவுருக்களை (கர்னல் எழும்போது அதற்குத் தரப்படும் அமைப்புச் சொற்கள்) ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். நான்கு கோர் கொண்ட என் மேசைக்கணினியில் ஒரு நாள் ஒரே ஒரு செயலிதான் தெரிந்தது. கர்னலை மீண்டும் தொகுத்தேன், தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் துவக்க நிரலான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன், ஒரு வார இறுதி முழுவதும் அதிலேயே கரைந்தது. கடைசியில் கர்னலுக்குத் துவக்கத்தில் தரப்பட்ட வரியைப் படித்தபோது, ‘ஏசிபிஐ=ஆஃப்’ என்ற அளவுரு அதில் உட்கார்ந்திருந்தது. ஓராண்டுக்கு முன் நிறுவும்போது திரை கறுத்துப் போனதால் நானே எழுதி, நானே மறந்துவிட்டது அது.

ஆகவே, முதல் கட்டளை ‘கேட் /பிராக்/சிஎம்டிலைன்’. இது நடப்பிலிருக்கும் கர்னல் எந்த அளவுருக்களோடு எழுந்தது என்பதைக் காட்டும். அந்த வரியில் நோஎஸ்எம்பி, மேக்ஸ்சிபியுஸ், என்ஆர்_சிபியுஸ், நோலேபிக், நோஏபிக், ஏசிபிஐ=ஆஃப், நோஎஸ்எம்டி, ஐசோல்சிபியுஸ் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், பெரும்பாலும் நோய் அங்கேதான் இருக்கிறது. கர்னலை ஏற்றும் கிரப் என்ற நிரலின் அமைப்புக் கோப்பிலிருந்து அதை நீக்கி, அமைப்பைப் புதுப்பித்து, மறுதுவக்கம் செய்யுங்கள். கோப்பைத் திருத்திவிட்டு ‘அப்டேட்-கிரப்’ கட்டளையை இயக்க மறப்பவர்கள் ஏராளம். அதனால் மறுதுவக்கத்துக்குப் பிறகும் சிஎம்டிலைன் கோப்பை ஒருமுறை படித்து, மாற்றம் உண்மையிலேயே நடைமுறைக்கு வந்ததா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்த அளவுருக்களில் சில ஏன் செயலிகளைக் காணாமல் செய்கின்றன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. செயலிகள் எத்தனை என்பதைக் கர்னல் தானாகத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. ஃபர்ம்வேர் எழுதிவைக்கும் ஓர் அட்டவணையைப் படித்தே அறிகிறது. 1990களில் இன்டெல் வெளியிட்ட பல்செயலி விவரக்குறிப்பு அந்த அட்டவணையின் பழைய வடிவத்தை வரையறுத்தது; பின்னர் அந்த இடத்தை ஏசிபிஐ என்ற தரநிலை எடுத்துக்கொண்டது. இன்றைய கணினிகள் பலவற்றில் பழைய அட்டவணையே கிடையாது. ஆகையால் ஏசிபிஐயை அணைத்துவிட்டால், கர்னலின் கண்ணுக்குத் தன்னை எழுப்பிய முதல் செயலியைத் தவிர வேறு எதுவும் தெரிவதில்லை. நோலேபிக் அளவுரு, செயலியின் கவனத்தைக் கோரும் சமிக்ஞைகளைக் கையாள ஒவ்வொரு செயலிக்குள்ளும் இருக்கும் ஏபிக் என்ற குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. மற்ற செயலிகளை எழுப்பும் சமிக்ஞையே அதன் வழியாகத்தான் போகிறது என்பதால் முடிவு அதேதான்.

எண்ணிக்கை எந்தப் படியில் விழுகிறது

வரியில் சந்தேகத்துக்குரியது எதுவும் இல்லையென்றால், ஒரு செயலி சில்லிலிருந்து உங்கள் நிரல் வரை வந்து சேரும் பாதையைப் படிப்படியாக எண்ணிப் பார்க்க வேண்டும். வன்பொருளில் எத்தனை இருக்கின்றன, ஃபர்ம்வேர் எத்தனையைச் சொல்கிறது, கர்னல் எத்தனைக்கு இடம் ஒதுக்கியது, எத்தனை உண்மையில் எழுந்தன, உங்கள் நிரலுக்கு எத்தனை அனுமதிக்கப்பட்டிருக்கின்றன என்று ஐந்து இடங்களில் கேட்கலாம். எண் முதன்முதலாகக் குறைகிற இடம் எதுவோ, கோளாறு அதற்கும் அதற்கு முந்தைய படிக்கும் இடையில் இருக்கிறது. இந்த ஒழுங்கை விட்டுவிட்டுத் தேடுவது, திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு, கடைசியாக எங்கே பார்த்தோம் என்று யோசிக்காமல் ஊர் முழுக்க அலைவதைப் போன்றது.

மேலிருந்து, அதாவது உங்கள் நிரலின் பக்கமிருந்து, தொடங்குவது எளிது. ‘என்பிராக்’ கட்டளை 1 என்று சொன்னால் உடனே கர்னலைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்தக் கட்டளை கணினியில் உள்ள செயலிகளைச் சொல்வதில்லை. அதை இயக்கும் செயலாக்கத்துக்கு அனுமதிக்கப்பட்ட செயலிகளையே சொல்கிறது. கொள்கலனுக்குள் இருந்தாலோ, டாஸ்க்செட் கட்டளை கொண்டு யாராவது கட்டுப்படுத்தியிருந்தாலோ, ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் என்ற சூழல்மாறிக்கு மதிப்பு தரப்பட்டிருந்தாலோ அது குறைத்துக் காட்டும். ‘என்பிராக் --ஆல்’ என்று கொடுத்துப் பாருங்கள். அது 8 என்றும், வெறும் என்பிராக் 1 என்றும் சொன்னால் கர்னலின் பல்செயலி ஆதரவு பெரும்பாலும் நலமாக இருக்கிறது. தேட வேண்டியது மேலே சொன்ன கட்டுப்பாடுகளில். ஆனாலும் ‘ஆல்’ என்பது அணைந்து கிடக்கும் செயலிகளையும் சேர்த்து எண்ணிவிடும் என்பதால், அடுத்த சோதனையையும் செய்துவிடுவது நல்லது.

அந்தச் சோதனைக்கான இடம் /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு என்ற அடைவு. அங்கே பாசிபிள், பிரசன்ட், ஆன்லைன், ஆஃப்லைன் என்று நான்கு சிறிய கோப்புகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரே வரிதான் இருக்கும். ஆனால் அந்த நான்கு வரிகளில் பாதி நோயறிதல் முடிந்துவிடும். பாசிபிள் என்பது இந்தத் துவக்கத்தில் கர்னல் இடம் ஒதுக்கிவைத்த செயலிகள். பிரசன்ட் என்பது இருப்பதாக ஃபர்ம்வேர் உறுதி சொன்னவை. ஆன்லைன் என்பது எழுந்து வேலை செய்பவை. பாசிபிளே 0 மட்டும் என்றால், ஒன்று கர்னல் பல்செயலி ஆதரவோடு தொகுக்கப்படவில்லை, அல்லது என்ஆர்_சிபியுஸ்=1 போன்ற அளவுரு இடத்தையே வெட்டிவிட்டது, அல்லது ஃபர்ம்வேரின் அட்டவணை கர்னலின் கைக்கு வரவில்லை. பிரசன்ட் 0-7 என்றும் ஆன்லைன் 0 என்றும் இருந்தால், செயலிகள் கணக்கில் வந்துவிட்டன, ஆனால் எழவில்லை அல்லது எழுப்பப்படவில்லை. மேக்ஸ்சிபியுஸ்=1 என்ற அளவுரு இந்தத் தோற்றத்தைத்தான் தரும். அந்த நிலையில் மறுதுவக்கம் இல்லாமலேயே ஒரு செயலியை எழுப்பிப் பார்க்கலாம்: சிபியு3 என்ற துணையடைவில் உள்ள ஆன்லைன் கோப்பில் 1 என்று எழுதினால் போதும். இங்கே ஒரு பொறி உண்டு. ‘சுடோ எக்கோ 1’ என்று எழுதி அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும். ஏனென்றால் கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல்தானே தவிர சுடோ அல்ல. ‘எக்கோ 1’ என்பதன் வெளியீட்டைக் குழாய் வழியாக ‘சுடோ டீ’ கட்டளைக்குக் கொடுத்தால் வேலை நடக்கும்.

எண்ணிக்கை சரிபாதியாக இருந்தால், அதாவது 8 எதிர்பார்த்த இடத்தில் 4 வந்தால், உங்களுக்குக் கோளாறே இல்லாமல் இருக்கலாம். ஒரு கோருக்குள் இரண்டு தருக்கச் செயலிகளாக இயங்கும் வசதி அணைக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் வழக்கமான பொருள். 2018 ஆகஸ்டில் எல்1டிஎஃப் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபோது, இந்த வசதியை அணைக்கும் அளவுருக்கள் கர்னலில் சேர்க்கப்பட்டன. பாதுகாப்பில் கண்டிப்பான நிர்வாகிகள் இன்றும் அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள். அதே சிபியு அடைவில் அந்த வசதியின் சுருக்கப்பெயரான எஸ்எம்டி என்ற துணையடைவுக்குள் கன்ட்ரோல் என்ற கோப்பு ஆஃப் அல்லது ஃபோர்ஸ்ஆஃப் என்று சொன்னால் காரணம் அதுதான். அதை மீண்டும் போடுவதற்கு முன், ஏன் அணைத்தார்கள் என்று நிர்வாகியிடம் கேட்டுவிடுங்கள்.

கர்னல் தொகுக்கப்பட்ட விதம்

‘யுநேம் -வி’ கட்டளையின் வெளியீட்டில் பல்செயலி ஆதரவைக் குறிக்கும் எஸ்எம்பி என்ற மூன்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய பொதுவான லினக்ஸ் வெளியீடுகளின் 64 பிட் கர்னல்களில் அது இருக்கும்; ஆகவே இந்தப் படி, கர்னலைத் தாமே தொகுத்தவர்களுக்கும் சிறுகருவிகளுக்காகச் சுருக்கப்பட்ட கர்னலை வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே முக்கியம். அமைப்புக் கோப்பை /பூட் அடைவில் ‘கான்ஃபிக்’ என்று தொடங்கும் பெயரில் தேடலாம். அதில் கான்ஃபிக்_எஸ்எம்பி ஒய் என்றும், கான்ஃபிக்_என்ஆர்_சிபியுஸ் உங்கள் செயலிகளின் எண்ணிக்கைக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். பெரிய வழங்கிகளையும் மனத்தில் வைத்துத் தொகுக்கும் வெளியீடுகள் இந்த எண்ணை 8192 வரை உயர்த்தி வைக்கின்றன. தாமே தொகுப்பவர்கள் நினைவகத்தை மிச்சப்படுத்த 4 என்று குறைத்துவிட்டு, பின்னர் புதிய கணினிக்கு அதே அமைப்புக் கோப்பைக் கொண்டுபோவது வாடிக்கை. அப்போது வரம்பை எட்டிவிட்டதாகவும், மீதமுள்ள செயலிகள் புறக்கணிக்கப்பட்டதாகவும் கர்னல் பதிவில் ஒரு வரி வந்திருக்கும். யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

துவக்கப் பதிவைப் படிக்கும் முறை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் கவனமாகப் படிக்க முடியும் என்றால், இதைப் படியுங்கள். கர்னல் பதிவைக் காட்டும் ‘சுடோ டிமெஸ்ஜி’ கட்டளையின் வெளியீட்டைக் கிரெப் கொண்டு எஸ்எம்பி, ஏபிக், சிபியு ஆகிய சொற்களுக்காக வடிகட்டினால், நலமான கணினியில் ஏறக்குறைய இப்படி ஒரு வரிசை கிடைக்கும். முதலில் ‘அலோயிங் 8 சிபியுஸ், 0 ஹாட்பிளக் சிபியுஸ்’ என்று வரும். கர்னலின் பதிப்புக்கேற்பச் சொற்கள் சற்று மாறலாம். பிறகு இரண்டாம்நிலைச் செயலிகளை எழுப்பத் தொடங்குவதாக ‘பிரிங்கிங் அப் செகண்டரி சிபியுஸ்’ என்றும், அடுத்து ‘நோட் #0, சிபியுஸ்’ என்பதைத் தொடர்ந்து #1 #2 #3 என்று எண்களும் வரும். முடிவில் ‘பிராட் அப் 1 நோட், 8 சிபியுஸ்’ என்று முற்றுப்பெறும்.

முதல் வரியில் ஹாட்பிளக் என்ற எண் பெரிதாக இருந்தால் பதற வேண்டாம். மெய்நிகர் கணினிகளில் ‘128 சிபியுஸ், 120 ஹாட்பிளக்’ என்பது போன்ற வரியைப் பார்த்துவிட்டு, 120 செயலிகள் காணாமற்போய்விட்டதாக எண்ணுபவர்கள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் செருகப்படக்கூடிய செயலிகளுக்காக அட்டவணையில் காலியாக விடப்பட்ட இருக்கைகளே அவை.

முதல் வரியிலேயே எண் குறைவாக இருந்தால், கோளாறு ஃபர்ம்வேரில் அல்லது அதன் அமைப்பில் இருக்கிறது. பயாஸ் அமைப்புத் திரையில், இயங்கும் கோர்களின் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு விருப்பம் பெரும்பாலான மேசைக்கணினிப் பலகைகளில் உண்டு. அது ‘ஆல்’ என்ற நிலையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால் அட்டவணையையே எடுத்துப் படிக்கலாம். அந்த அட்டவணையை ஆவணங்களில் மேட்ட் என்று அழைத்தாலும், /சிஸ்/ஃபர்ம்வேர்/ஏசிபிஐ/டேபிள்ஸ் அடைவில் அது ஏபிக் என்ற பெயரில்தான் இருக்கும். மேட்ட் என்று தேடிக் களைத்தவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். அதைப் பிரதியெடுத்து ‘ஐஏஎஸ்எல் -டி’ கட்டளையால் பிரித்தால், ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பத்தி வரும். அதில் ‘பிராசசர் எனேபில்டு’ என்ற இடத்தில் 1 என்று இருக்க வேண்டும். எட்டு பத்திகளில் நான்கில் 0 இருந்தால், கர்னல் தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே நம்பியிருக்கிறது. ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதே வழி.

முதல் வரி சரியாகவும் கடைசி வரி குறைவாகவும் இருப்பது அரிது, ஆனால் அதுதான் உண்மையான கர்னல் சிக்கல். அதைப் புரிந்துகொள்ள ஒரு செயலி எப்படி எழுகிறது என்பது தெரிய வேண்டும். மின்சாரம் வந்ததும் ஒரு செயலி மட்டுமே ஃபர்ம்வேரிலிருந்து கர்னலை ஏற்றி இயக்குகிறது. மற்றவை கட்டளைக்காகக் காத்துக் கிடக்கின்றன. முதல் செயலி, தூங்கும் ஒவ்வொரு செயலிக்கும் ‘இனிட்’ என்ற சமிக்ஞையை அனுப்பி அதை மீட்டமைக்கிறது. பிறகு ‘சிபி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொடக்கச் சமிக்ஞையை அனுப்புகிறது. அந்தச் சமிக்ஞைக்குள் எங்கிருந்து ஓடத் தொடங்க வேண்டும் என்ற முகவரியும் இருக்கிறது. ஆனால் அதற்கு 8 பிட் இடம்தான். அதனால் முதல் 1 மெகாபைட் நினைவகத்துக்குள் உள்ள ஒரு 4 கிலோபைட் பக்கத்தைத்தான் சுட்ட முடியும். விழித்த செயலி 1978ஆம் ஆண்டின் 8086 செயலியைப் போல 16 பிட் நிலையில் கண் திறந்து, அந்தப் பக்கத்தில் கர்னல் வைத்திருக்கும் ‘டிராம்போலின்’ என்ற சிறு நிரலை இயக்கி, 32 பிட், 64 பிட் என்று படியேறி வந்து, தான் எழுந்துவிட்டதாக அடையாளம் காட்டுகிறது.

அடையாளம் வராவிட்டால் முதல் செயலி 10 வினாடி காத்திருந்துவிட்டு அடுத்ததற்குப் போகும். ஆகவே துவக்கத்தின்போது திரை ஒவ்வொரு செயலிக்கும் பத்துப் பத்து வினாடி நின்று நின்று நகர்ந்தால், அதுவே போதிய தடயம். டிமெஸ்ஜி வரிகளின் இடப்பக்கம் உள்ள நேரக்குறிகளில் அந்த இடைவெளியைத் துல்லியமாகக் காணலாம். கூடவே, சிபியு எழுந்து வரத் தவறியதாக, எண்ணோடு ஒரு பிழைச்செய்தி இருக்கும். இதற்கான காரணங்களில் நான் முதலில் பார்ப்பது கர்னலின் பதிப்பை. 2023 ஆகஸ்டில் வந்த 6.5 பதிப்பிலிருந்து, இந்தக் கணினிகளில் செயலிகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பாமல் ஒருசேர எழுப்பும் முறை வந்தது. பழைய பதிப்பில் எழுந்த செயலிகள் புதியதில் எழவில்லை என்றால், ‘சிபியுஹெச்பி.பேரலல்=0’ என்ற அளவுருவைத் தற்காலிகமாகக் கொடுத்துப் பழைய முறைக்குத் திரும்பிப் பார்க்கலாம். அப்போது எழுந்துவிட்டால், சிக்கலின் இடம் பெருமளவு குறுகிவிட்டது.

இன்னொரு காரணம், டிராம்போலினுக்கு முதல் 1 மெகாபைட்டுக்குள் இடம் கிடைக்காமல் போவது. சில ஃபர்ம்வேர்கள் அந்தப் பகுதி முழுவதையும் தமக்கென்று பிடித்து வைத்துக்கொள்கின்றன. அப்படி நேர்ந்தால் டிராம்போலினுக்கு நினைவகம் இல்லை என்று பதிவின் தொடக்கத்திலேயே ஒரு வரி வரும். அது பிழை போன்ற தோற்றம் இல்லாமல், சாதாரணத் தகவல் வரியாக வந்து போய்விடுவதால் கண்ணில் படாது.

மெய்நிகர் கணினிகள், ஆர்ம் பலகைகள்

மெய்நிகர் கணினியில் பெரும்பாலும் கோளாறு அமைப்பில்தான். மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஎம்யு, ‘-எஸ்எம்பி’ என்ற விருப்பத்தைக் கொடுக்காவிட்டால் ஒரே ஒரு செயலியைத்தான் தரும். வர்ச்சுவல்பாக்ஸில் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகள் வேண்டுமானால் ஐஓ ஏபிக் வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். பழகிப் பார்க்க விரும்புபவர்களுக்குக் கியூஎம்யு அருமையான களம்: ‘-எஸ்எம்பி 2,மேக்ஸ்சிபியுஸ்=4’ என்று கொடுத்து எழுப்பினால், மேலே சொன்ன காலி இருக்கைகளை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆர்ம் பலகைகளில் ஏசிபிஐக்குப் பதிலாகச் சாதனமரம் என்ற கோப்பு செயலிகளை விவரிக்கிறது. அதில் ஒவ்வொரு செயலியையும் எழுப்பும் முறை குறிக்கப்பட்டிருக்கும்: ஒன்று, ஃபர்ம்வேரை அழைத்து எழுப்பும் பிஎஸ்சிஐ முறை, மற்றொன்று, குறிப்பிட்ட நினைவக முகவரியைச் செயலி பார்த்துக்கொண்டே காத்திருக்கும் ஸ்பின்-டேபிள் முறை. பலகையின் ஃபர்ம்வேர் ஒரு முறையை எதிர்பார்க்க, சாதனமரம் வேறொன்றைச் சொன்னால், ‘சிபியு1: ஃபெயில்டு டு கம் ஆன்லைன்’ போன்ற வரிகள்தான் மிஞ்சும். வேறு பலகைக்கான சாதனமரக் கோப்பை ஏற்றிவிட்டோமா என்று பார்ப்பதே முதல் வேலை.

எல்லாம் எழுந்த பிறகு உறைந்துபோனால்

இனி இரண்டாவது வகை. இதில் முதல் சிரமம், உறைந்துபோன கணினி தன் கடைசி வார்த்தைகளை வட்டில் எழுதி முடிக்காமலேயே செத்துவிடுவது. ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி -1’ கட்டளை முந்தைய துவக்கத்தின் கர்னல் பதிவைக் காட்டும். அது பாதியில் அறுந்திருந்தால், தொடர்முனை வழியாகவோ, பிணையம் வழியே செய்திகளை அனுப்பும் நெட்கன்சோல் வழியாகவோ வேறொரு கணினியில் பதிவைப் பிடிக்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அதற்குச் சோம்பி, கைப்பேசியில் திரையைப் படமெடுத்துப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் செய்தியின் கடைசிப் பாதிதான் கிடைக்கிறது. வேண்டியது முதல் பாதி.

பிடித்த பதிவில் ‘சாஃப்ட் லாக்கப் - சிபியு#2 ஸ்டக் ஃபார் 22எஸ்’ என்று ஒரு வரி இருக்கக்கூடும். ஒரு செயலி 20 வினாடிக்கு மேல் கர்னலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு, வேறு எந்த வேலைக்கும் இடம் கொடுக்காமல் இருந்தால் கர்னலின் காவல்காரன் இப்படிக் கூவும். இந்த இடத்தில்தான் ஏறக்குறைய எல்லாரும் இடறுகிறார்கள். பெயர் சொல்லப்பட்ட செயலி 2தான் குற்றவாளி என்று முடிவுகட்டி, அதன் அழைப்புத் தடத்தில் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற பட்டியல்) தெரியும் நிரலைச் சந்தேகிக்கிறார்கள். ஆனால் அந்தத் தடத்தின் உச்சியில் ‘எஸ்எம்பி_கால்_ஃபங்ஷன்’ என்று தொடங்கும் பெயர் இருந்தால், செயலி 2 செய்துகொண்டிருந்தது காத்திருப்பு மட்டுமே. அது மற்ற செயலிகளிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, எல்லாரும் முடித்துவிட்டதாகப் பதில் வரும்வரை நிற்கிறது. பதில் தராத செயலி வேறெங்கோ குறுக்கீடுகளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கூச்சல் போடுபவர் பாதிக்கப்பட்டவர்; திருடன் சத்தமில்லாமல் இருக்கிறான்.

ஆகவே எல்லாச் செயலிகளின் தடங்களும் ஒரே நேரத்தில் வேண்டும். ‘கர்னல்.சாஃப்ட்லாக்கப்_ஆல்_சிபியு_பேக்ட்ரேஸ்’ என்ற சிஸ்சிடிஎல் அமைப்பை 1 ஆக்கிவிட்டால், அடுத்த முறை உறையும்போது கர்னலே எல்லாவற்றையும் அச்சிடும். முனையம் இன்னும் உயிரோடு இருந்தால், /பிராக்/சிஸ்ஆர்க்யூ-டிரிக்கர் கோப்பில் ‘எல்’ என்ற சிறிய எழுத்தை எழுதியும் உடனே பெறலாம். வந்த தடங்களில், எந்தச் செயலி பூட்டுக்காக (ஒரு நேரத்தில் ஒரு செயலியை மட்டும் ஒரு தரவைத் தொட விடும் ஏற்பாடு) காத்திருக்கிறது, எந்தச் செயலி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எதையோ செய்கிறது என்று பிரித்துப் பாருங்கள். இரண்டு செயலிகள் ஒன்றின் பூட்டை மற்றொன்று எதிர்பார்த்து நின்றால், முட்டுக்கட்டையைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள்.

பிறகு, மேக்ஸ்சிபியுஸ்=1 என்ற அளவுருவோடு ஒருமுறை எழுப்பி, அதே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். உறைவு மறைந்துவிட்டால், செயலிகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் வழு இருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் அந்த அளவுருவைத் தீர்வென்று வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எட்டு மாட்டு வண்டியில் ஒரு மாட்டைப் பூட்டி ஓட்டும் காரியம் அது. அடுத்து மேக்ஸ்சிபியுஸ்=2 என்று கொடுத்து உறைவு திரும்புகிறதா என்று பாருங்கள். இரண்டே செயலிகளோடு மீண்டும் வரவழைக்க முடிந்தால், படிக்க வேண்டிய தடங்களும் இரண்டாகக் குறையும்.

மோதல் என்று சொன்னது எப்படி நடக்கிறது என்பதை ஒரு சின்ன எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஒரு சாதன இயக்கியில், வந்த பொட்டலங்களை எண்ணும் ஒரு மாறி இருக்கிறது; அதன் மதிப்பு இப்போது 41. செயலி 0 அதைப் படித்து 41 என்று தெரிந்துகொள்கிறது. அது கூட்டி எழுதுவதற்குள் செயலி 3 அதே மாறியைப் படிக்கிறது. அதற்கும் 41தான் தெரிகிறது. இரண்டும் ஒன்றைக் கூட்டி 42 என்று எழுதுகின்றன. இரண்டு பொட்டலங்கள் வந்தன, கணக்கில் ஒன்று காணோம். எண்ணிக்கையில் ஒன்று குறைவது பெரிதல்ல. ஆனால் அதே மாறி, நினைவகத் துண்டை இன்னும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்காக இருந்தால், யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கும் நினைவகம் விடுவிக்கப்பட்டு, அடுத்த கணம் கணினி கவிழும். பல்செயலி ஆதரவு இல்லாமல் தொகுத்த கர்னலில், திறக்கும்வரை செயலியைச் சுற்றவைக்கும் சுழல்பூட்டு என்று நாம் எழுதுவதில் சுழல்வதற்கே எதுவும் மிஞ்சுவதில்லை. அதனால் பூட்டைத் தவறாகப் போட்ட இயக்கிகள்கூட ஒற்றைச் செயலியில் ஆண்டுக்கணக்கில் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருக்கும்.

லினக்ஸின் வரலாறே இதற்குச் சாட்சி. 1996இல் வந்த 2.0 பதிப்பில் பல்செயலி ஆதரவு முதன்முதலாக நிலையான வெளியீட்டில் இடம்பெற்றபோது, கர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு போடப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரு செயலி மட்டுமே கர்னலுக்குள் நுழையலாம். அந்த ஒற்றைப் பூட்டைச் சிறுசிறு பூட்டுகளாகப் பிரித்து, 2011இல் வந்த 2.6.39 பதிப்பில் முற்றிலும் அகற்ற 15 ஆண்டுகள் ஆயின. இவ்வளவு காலம் பிடித்த ஒரு வேலையின் விளைவுகள், நீங்கள் எங்கிருந்தோ பதிவிறக்கிய ஒரு வெளிநிரல்கூறில் சரியாகக் கையாளப்பட்டிருக்கும் என்று நம்ப வேண்டியதில்லை. எனவே உறைவு வந்தால், கர்னலோடு சேராத வெளிநிரல்கூறுகளை ஏற்றாமல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.

வழு உங்கள் சொந்த நிரலில்தான் என்று தோன்றினால், சோதனைக்கென்று ஒரு தனிக் கர்னலைத் தொகுத்துக்கொள்ளுங்கள். அதில் கான்ஃபிக்_புரூவ்_லாக்கிங் என்ற அமைப்பை இயக்கினால், 2006 முதல் கர்னலில் இருக்கும் லாக்டெப் என்ற கண்காணிப்பு செயல்படும். அது முட்டுக்கட்டை நேரும்வரை காத்திருப்பதில்லை. பூட்டுகள் எந்த வரிசையில் எடுக்கப்படுகின்றன என்பதைக் குறித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் முதலில் ‘அ’ பிறகு ‘ஆ’ என்றும், வேறோரிடத்தில் முதலில் ‘ஆ’ பிறகு ‘அ’ என்றும் எடுத்தால், இன்னும் எதுவும் உறையாத நிலையிலேயே எச்சரித்துவிடும். பூட்டே இல்லாமல் பொது மாறியைத் தொடும் இடங்களைப் பிடிக்க, 5.8 பதிப்பில் வந்த கேசிசேன் இருக்கிறது. இரண்டுமே கர்னலை மிகவும் மந்தமாக்கும். அன்றாடப் பயன்பாட்டுக் கணினியில் போட்டுவிட்டுக் குறைசொல்ல வேண்டாம்.

வழு உங்கள் நிரலில் இல்லை, பழைய கர்னலில் வரவும் இல்லை என்றால், ‘கிட் பைசெக்ட்’ கொண்டு எந்த மாற்றத்திலிருந்து தொடங்கியது என்று தேடலாம். ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைவதால், 16,000 மாற்றங்களுக்கு நடுவிலும் 14 தொகுப்புகளில் விடை கிடைத்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: உறைவை உறுதியாக வரவழைக்கும் சோதனை ஒன்று கையில் இருக்க வேண்டும். மூன்றில் ஒருமுறை மட்டும் வரும் வழுவை, ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்து ‘நலம்’ என்று குறித்தால், தேடல் தவறான பாதையில் போய்விடும். ஒவ்வொரு தொகுப்பையும் குறைந்தது பத்து முறையாவது சோதியுங்கள்.

உறையவில்லை, ஆனால் எல்லாம் மந்தமாக இருக்கிறது என்பவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்கலாம். ஒன்று, /பிராக்/இன்டரப்ட்ஸ் கோப்பு. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு நெடுவரிசை இருக்கும் அந்தப் பட்டியலில், பிணைய அட்டையின் எல்லா வரிசைகளும் செயலி 0இன் கீழேயே பெருத்துக்கொண்டு போனால், குறுக்கீடுகள் பகிரப்படவில்லை. இரண்டாவது, கடிகாரம். செயலிகளின் உள்கடிகாரங்கள் (டிஎஸ்சி) ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று கண்டால், ‘மார்க்கிங் டிஎஸ்சி அன்ஸ்டேபிள்’ என்ற செய்தியோடு கர்னல் மெதுவான ஹெச்பெட் போன்ற கடிகாரத்துக்கு மாறிவிடும். அதன்பின் நேரம் கேட்கும் ஒவ்வோர் அழைப்புக்கும் கூடுதல் செலவு ஏற்படும்.

தீர்வு கிடைத்துவிட்டதாகத் தோன்றியதும், தேடலின்போது சேர்த்த அளவுருக்களை எல்லாம் ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் சிஎம்டிலைன் கோப்பையும் ஆன்லைன் கோப்பையும் பார்த்துக்கொண்டே வாருங்கள். மறுதுவக்கக் கட்டளையால் எழுப்புவதோடு நிற்காமல், மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டித்துச் சில வினாடிகள் கழித்தும் எழுப்பிப் பாருங்கள். முன்பு ஓடிய கர்னல் விட்டுச்சென்ற நிலையால் வெதுவெதுப்பான மறுதுவக்கத்தில் மட்டும் எழாத செயலிகளும் உண்டு. ஃபர்ம்வேரின் தவறான தொடக்கநிலையால் குளிர்ந்த துவக்கத்தில் மட்டும் எழாதவையும் உண்டு. கணினியை உறக்கநிலைக்கு அனுப்பி எழுப்பும் சோதனையையும் விட்டுவிடாதீர்கள். உறங்கப் போகும்போது கர்னல் செயலி 0 தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, விழிக்கும்போது அவற்றை முதலிலிருந்து எழுப்புகிறது. மேலே சொன்ன துவக்கச் சமிக்ஞைகள் அனைத்தும் அப்போது இன்னொருமுறை நடக்கின்றன.